வாசகர் கேள்வி – பதில்

கே: இத்தாலியக் கால்பந்துக்காரர் கார்லோ ஆஞ்சலோட்டி பயிற்சியாளராகச் செய்த பெரிய மாற்றம் எது?

ப: பயிற்சியாளர் சாக்கியின் கீழ், இத்தாலியின் மிலான் அணியில் நடுக்கள ஆட்டக்காரராக 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றவர். பயிற்சியாளரானதும் குரு சாக்கியின் 4-4-2வையே (தற்காப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்னால் இருவர்) பிடித்துத் தொங்கினார். அதில் பொருந்தமாட்டார் என்று, தான் பயிற்சியளித்த பார்மா அணிக்கு வரவிருந்த நட்சத்திரத் தாக்குதல் வீரர் ராபர்ட்டோ பாஜ்ஜோவையே வேண்டாமென்றார். வறட்டுப் பிடிவாதம்!

மிலானுக்குப் பயிற்சியாளராக வந்தபின் இளகி, அந்த அமைப்பைக் கைவிட்டார். பந்தை நுட்பமாகக் கடத்தும் பிர்லோவை, அங்கிருந்தே ஆட்டத்தை நடத்தத் தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நிறுத்தினார் (பிரெஷ்யா அணியில் பயிற்சியாளர் மட்ஸோனே முன்பே செய்து பார்த்ததுதான்). பந்தைப் பறிக்கும் வலு பிர்லோவுக்குக் குறைவு. அந்த வேலை பக்கத்தில் நின்ற கட்டூசோவுக்கு. விங்கர் (ஓரத்தில் தாக்கி ஆடுபவர்) கிடையாது என்பதால் ஓரங்களில் கஃபு போன்ற ஃபுல்பேக்குகள்தான் (ஓரத் தற்காப்பாளர்கள்) முன்னேறவேண்டும். பந்து பறிபோனால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மைதானம் காலி. ஆனாலும் மிலானுக்கு 2003, 2007இல் சாம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கோப்பைதான்). பிறகு அவர் பயிற்சியில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்கு 2014, 2022, 2024.