ஹயபுசா என்ஜினா, எம்எக்ஸ்-5 என்ஜினா? செவன் பாணி கிட் காருக்கு எது பொருந்தும்?

கேள்வி: இங்கிலாந்தில் கவென்ட்ரியில் வேலை பார்க்கிறேன். லோட்டஸ் செவன் என்ற திறந்த, இரண்டு இருக்கைக் காரின் பாணியில், நாமே பாகம் பாகமாகக் கட்டும் கிட் கார் ஒன்றின் சேஸியும் பாடியும் வாங்கி வைத்திருக்கிறேன். என்ஜின்தான் முடிவாகவில்லை. விபத்தில் அடிபட்ட 2003 சுசுகி ஹயபுசா பைக்கின் என்ஜினை வயரிங், ஈசியூவோடு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒருவர் தருகிறார். இன்னொருவரிடம் எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) தேறாத, துருப்பிடித்த 1.6 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் முழு வண்டியாக இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வார இறுதியில் மனைவியோடு பீக் டிஸ்ட்ரிக்ட், வேல்ஸ் பக்கம் போய்வர வேண்டும். வருடத்தில் இரண்டு மூன்று டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்). வீட்டு வாசலில் இருந்து ரோடு வரை சரிவுப் பாதை. எதை வாங்கலாம்?

பதில்: எம்எக்ஸ்-5. நீங்கள் சொன்ன தேவைக்கு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதற்கு ஊரார் சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு.

"பைக் என்ஜினில் டார்க் கிடையாது, காரை இழுக்காது" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். 600 சிசி என்ஜினைப் பற்றிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஹயபுசாவுக்கு அது பொருந்தாது. 1999இல் வந்த அந்த 1,299 சிசி என்ஜின் 7,000 ஆர்பிஎம்மில் சுமார் 138 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. பழைய 1.6 எம்எக்ஸ்-5 தருவதும் ஏறக்குறைய அதேதான். குதிரைத்திறனில் 175க்கு 115. எடையிலும் பைக் என்ஜினுக்கே சாதகம்: அதன் கியர்பாக்ஸ் என்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. பைக் என்ஜின் போட்ட செவன் 480 கிலோ என்றும், எம்எக்ஸ்-5 பாகங்களோடு கட்டியது 580 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், டன்னுக்கு முன்னதில் 365 குதிரைத்திறன், பின்னதில் 198. காகிதத்தில் போட்டி இங்கேயே முடிந்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கார் என்ஜின் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தோடு முடிந்துவிடும். அதன் பின்னால் எந்தக் கிளட்ச், எந்த கியர்பாக்ஸ் என்பது உங்கள் விருப்பம். பைக்கிலோ கிராங்க், கிளட்ச், ஆறு கியர் மூன்றும் ஒரே கேஸுக்குள், ஒரே ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் வாங்குவது என்ஜினை மட்டுமல்ல, சுமார் 220 கிலோ வண்டியையும் மேலே ஓரிருவரையும் சுமக்க வடிவமைத்த கிளட்சையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத்தான். உங்கள் காரில் இரண்டு பேர் உட்கார்ந்து பெட்ரோலும் நிரப்பினால் அறுநூறு கிலோவைத் தாண்டிவிடும்.

கியர் கணக்கைப் பாருங்கள். ஹயபுசாவில் கிராங்குக்கும் கிளட்சுக்கும் இடையே ஒரு பிரைமரி கியர் உண்டு, விகிதம் 1.596. ஆறாவது கியர் 1.043. இரண்டையும் பெருக்கினால் 1.66. பைக்கில் இதற்குப் பின் வரும் செயின் விகிதம் 2.35தான். கிட் காரில் செயினுக்குப் பதில் டிஃபரன்ஷியல் வருகிறது. ஃபோர்டு சியராவின் 3.62 டிஃப் போட்டால் மொத்தம் 6.03. சுமார் 1.81 மீட்டர் சுற்றளவுள்ள 195/50 ஆர்15 டயரோடு மோட்டார்வேயில் மணிக்கு 70 மைலில் போனால் என்ஜின் சுமார் 6,250 ஆர்பிஎம்மில் சுற்றும். செலவை மிச்சம் பிடிக்க எம்எக்ஸ்-5இன் 4.3 டிஃபையே போட்டீர்களானால் 7,400! அதே வேகத்தில் எம்எக்ஸ்-5 என்ஜின் தன் ஐந்தாவது கியரில் 3,600 சொச்சத்தில் இருக்கும். சியராவின் 3.14 டிஃப் கிடைத்தால் ஹயபுசாவை 5,400 அளவுக்கு இறக்கலாம். ஆனால் அப்போது முதல் கியரும் உயரமாகி, வண்டியை எடுக்கும்போதெல்லாம் கிளட்ச் கூடுதலாக உரசும்.

6,250 ஆர்பிஎம் அந்த என்ஜினுக்கு ஒன்றும் ஆபத்தில்லை. அந்தச் சுற்றில் நல்ல இழுவையும் இருக்கும். ஆனால் கூரையும் கண்ணாடியும் இல்லாத காரில், வேல்ஸின் ஸ்னோடோனியா போய்ச் சேரும்வரை அந்தச் சத்தம் உங்கள் காதுக்குள்ளேயே இருக்கும். மனைவி முதல் பயணத்துக்கு வருவார். இரண்டாவதற்கு வருவாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து உங்கள் வாசல் சரிவு. பைக் என்ஜினில் கனமான ஃப்ளைவீல் கிடையாது. டார்க் எவ்வளவு இருந்தாலும், கிளட்ச் பிடிக்கும் அந்த நொடியில் சுற்றைத் தாங்கிப் பிடிக்கும் நிறை இல்லாததால் ஆர்பிஎம் சட்டென்று விழுந்து என்ஜின் அணைந்துவிடும். அணையாமல் இருக்க ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கிளட்சை இழுத்து விளையாடினால், ஆயிலில் நனைந்த அந்தச் சின்னத் தட்டுகள் சூடாகும். கடினமான ஸ்பிரிங் போடலாம், எல்லாரும் போடுகிறார்கள். டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது அது இடது காலுக்குத் தெரியும். ரிவர்ஸும் இல்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட் நடுவே தனி ரிவர்ஸ் பாக்ஸ் வைக்கலாம். கனமும் செலவும் கூடும். அல்லது டிஃப் பக்கம் ஒரு பல்சக்கரம் பொருத்தி, ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற ஒன்றால் பின்னுக்குத் தள்ளவைக்கலாம். சமதளத்தில் இந்த மின்சார ரிவர்ஸ் போதும். சரிவில் பின்னோக்கி ஏற வேண்டிய உங்கள் வீட்டுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

ஆயில் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பைக் என்ஜின் போட்டவர்கள் என்ஜினைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இங்கேதான். பைக் வளைவில் சாய்கிறது. சாய்வதால், எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் ஆயில் மேல் விசை எப்போதும் சம்ப்பின் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியை நோக்கியே போகிறது. அங்கே ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும். கார் சாய்வதில்லை. வளைவில் ஆயில் முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ள, பிக்கப் காற்றை உறிஞ்சும். 9,000 ஆர்பிஎம்மில் சில நொடிகள் ஆயில் அழுத்தம் போனாலே பிக் எண்ட் பேரிங் தேய்ந்துபோகும்.

போதாக்குறைக்கு, செவனில் பைக் என்ஜினைக் கால் வட்டம் திருப்பி, செயின் ஸ்ப்ராக்கெட் இருந்த பக்கம் பின்னால் பார்க்கும்படி வைக்கிறோம். அப்படி வைத்தால் ஷாஃப்ட் சுழலும் திசை சாதாரண டிஃபுக்குச் சரியாகவே அமைந்துவிடும், அது நல்லதுதான். ஆனால் பைக்கில் முன்பின்னாக இருந்த சம்ப் இப்போது இடவலமாகிவிடுகிறது. முன்னோக்கிச் சாய்ந்திருந்த சிலிண்டர்களும் இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். தரையில் இடிக்காமல் இருக்க சம்ப்பின் ஆழத்தையும் குறைக்க வேண்டும். எனவே தடுப்புத் தகடுகள் வைத்த ஆழம் குறைந்த சம்ப், நீளம் மாற்றிய பிக்கப் என்ற செலவு கட்டாயம். ஸ்லிக் டயர் போட்டு டிராக்கில் ஓடுபவர்கள் டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் ஏற்பாடு) வரை போகிறார்கள். ஆயிலும் ஜாஸோ எம்ஏ தரத்தில், பைக்குக்கானதாக இருக்க வேண்டும். உராய்வு குறைக்கும் சேர்மானமுள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கிளட்சும் கியரும் அதே ஆயிலை உழுவதால் அடிக்கடி மாற்றவும் வேண்டும்.

வயரிங்கில் பெரிய பயம் வேண்டாம். ஆனால் ஹயபுசாவின் வயரிங்கில் சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், வண்டி கவிழ்ந்ததை அறியும் சென்சார் எல்லாம் இருக்கும். கவிழ்வு சென்சாரைச் சரியான நிலையில் பொருத்தாவிட்டால், வண்டி விழுந்து கிடக்கிறது என்று ஈசியூ நினைத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆக விடாது.

சத்தத்தை இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது, இந்த முறை டிராக் டேக்காக. இங்கிலாந்து டிராக்குகளில் பொதுவாக வண்டியை நிறுத்தி வைத்து, அதிகபட்சச் சக்தி தரும் சுற்றின் முக்கால் பங்கில் சைலன்சர் அருகே அளப்பார்கள். ஹயபுசாவுக்கு அது 7,300 ஆர்பிஎம் அளவில் வரும், எம்எக்ஸ்-5க்கு 4,900. செவனின் பக்கவாட்டில் போகும் குட்டைச் சைலன்சரோடு முதலாவதை அடக்குவது லேசான வேலை இல்லை. குட்வுட், காசில் கூம் போன்ற இடங்களில் விதி கறார். இப்படிக் கட்டிய காரைச் சாலைக்கு எடுப்பதற்கான ஐவிஏ என்ற தனி வாகன அனுமதிப் பரிசோதனையிலும் சத்தமும் புகையும் பார்ப்பார்கள். புகை வரம்பு என்ஜின் தயாரான காலத்தைப் பொறுத்தது என்பதால், எந்த என்ஜின் வாங்கினாலும் அதன் வயதுக்கு ஆவணம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், பைக் என்ஜின் கார் ஓட்டிப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். லீவரை ஒரு தட்டுத் தட்டினால், கிளட்சைத் தொடாமலேயே அடுத்த கியர் விழும். பத்தாயிரம் வரை ஊளையிட்டு ஏறும் அந்த என்ஜினுக்குள்ளேயே வரும் கியர்பாக்ஸுக்கு ஈடான சீக்குவென்ஷியல் (வரிசையாக மட்டுமே கியர் மாறும்) கியர்பாக்ஸைக் கார் என்ஜினுக்கென்று தனியாக வாங்கப் போனால், உங்கள் கிட்டின் விலையைவிட அதிகம் கேட்பார்கள். டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குப் போய், ஓட்டி, டிரெய்லரிலேயே திரும்பும் வண்டி என்றால் நானே ஹயபுசாவைத்தான் எடுக்கச் சொல்வேன். பீட்டர்பரோவில் 1997இல் தொடங்கிய ராடிக்கல் நிறுவனம் பைக் என்ஜின்களை வைத்தே ரேஸ் கார் கட்டிப் பெயர் வாங்கியது. அங்கே அந்த என்ஜின்களைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை, ஓடிய மணிநேரத்தில் கணக்கிட்டுப் பிரித்துப் புதுப்பிக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எடைதான் எல்லைக்கோடு. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு நம் பொறியியல் மாணவர்கள் கட்டும் கார்களில் 710 சிசி வரை அனுமதி. அதில் பெரும்பாலோர் போடுவது பைக் என்ஜின்தான். இருநூறு, இருநூற்றைம்பது கிலோவில் ஒரே ஆள் உட்காரும் கார் அது, பைக் என்ஜின் தன் வீட்டில் இருப்பதுபோல் உழைக்கும். அதே டிராக்கில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 காரில் இருப்பதோ மாருதி சுசுகியின் 1.3 லிட்டர் கார் என்ஜின். அடி வாங்கிக்கொண்டு, குறைந்த செலவில் பல சீசன் ஓட வேண்டிய வண்டி அது.

எம்எக்ஸ்-5க்கு வருவோம். அந்தத் துருப்பிடித்த வண்டி ஒன்றிலேயே என்ஜின், ஐந்து கியர் பாக்ஸ், ரிவர்ஸ், டிஃப், ஹப், பிரேக், ஸ்டீயரிங், வயரிங் எல்லாம் வந்துவிடும். சில்லறைப் பாகங்களைப் பதினைந்து இடத்தில் தேட வேண்டாம். அதன் பதிவு ஆவணமான வி5சியைப் பத்திரமாக வைத்திருங்கள்: புதுச் சேஸியோடு ஒரே பழைய வண்டியின் பெரிய பாகங்கள் குறைந்தது இரண்டு இருந்தால், அந்த வண்டியின் வயதுக்கேற்ற நம்பர் பிளேட் கேட்கலாம். இல்லாவிட்டால் க்யூ எழுத்து பிளேட்தான்.

115 குதிரைத்திறன் குறைவு என்று தோன்றினால், செவன் கார்களைக் கட்டும் கேட்டர்ஹாம் நிறுவனத்தின் 170 மாடலைப் பாருங்கள். 660 சிசி மூன்று சிலிண்டர் சுசுகி டர்போ, 84 குதிரைத்திறன், 440 கிலோ. ஓட்டியவர் யாரும் போரடிக்கிறது என்று சொல்லிக் கேட்டதில்லை. உங்கள் வண்டியில் அலங்காரத்தைக் குறைத்து 20 கிலோ இறக்கினாலே வித்தியாசம் தெரியும்.

வாங்கப் போகும்போது ஒரு டார்ச் கொண்டுபோங்கள். 1990, 91 ஆண்டுகளின் 1.6 என்ஜின்களில் கிராங்க் முனை குட்டையானது. புல்லியைப் பிடிக்கும் சாவிக் காடி தளர்ந்து கிராங்கையே கெடுத்துவிடும். கிராங்க் புல்லியின் முகப்பில் காடிகளை எண்ணுங்கள்: நான்கு என்றால் குட்டை முனை, எட்டு என்றால் திருத்திய நீள முனை. நான்கு என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்தாலும் இந்த 1.6இல் வால்வும் பிஸ்டனும் மோதாது என்பது ஆறுதல், ஆனாலும் புதுப் பெல்ட் போட்டே சேஸியில் இறக்குங்கள். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் ஹைட்ராலிக் லிஃப்டர். ஆயில் மாற்றினால் பல நேரம் அடங்கிவிடும். சைடு சில் (கதவுக்குக் கீழே ஓடும் பட்டை) துருவைப் பற்றிக் கவலையே படாதீர்கள், அந்த பாடி எப்படியும் பழைய இரும்புக்குத்தான் போகப்போகிறது.

பைக் ஆசை விடவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு திராட்டில் பாடி உள்ள பைக் செட் ஒன்றை இந்தக் கார் என்ஜினில் பொருத்தி, மாற்றியமைக்கும் ஈசியூ ஒன்றோடு ஓட்டுவது இங்கே வெகுநாள் வழக்கம். ஆக்ஸிலரேட்டரின் பதிலும் உறிஞ்சும் சத்தமும் ஆளே மாறிவிடும். ஆனால் அதை ஐவிஏ முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது எம்எக்ஸ்-5இன் சொந்த இன்ஜெக்‌ஷன், சொந்த ஈசியூ, தேவைப்பட்டால் அதன் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் இடத்தில் இருக்கட்டும்.