பாதியில் விட்ட வரி

வணக்கம் சார். மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். பில்களை 2பி-யோடு (எங்களுக்கு விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல்) ஒத்துப்பார்க்கும்போது போன், வாட்ஸ்அப், "ஒரு நிமிஷம் வாம்மா" என்று முதலாளி. திரும்பி வந்தால் எந்த பில்லில் நின்றேன் என்றே தெரிவதில்லை. புலவர் செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்தாராம், எனக்கு இரண்டுகூட முடியவில்லையே என்று அழுகை வருகிறது.
- ச.

அன்புள்ள ச.,

பாவலரோடு ஒப்பிட்டு மனதை நோகடித்துக்கொள்ளாதீர்கள். 1907இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் அவர் சதாவதானம், அதாவது நீங்கள் சொன்ன அந்த நூறு கவனகம், செய்தது பெரிய சாதனை. ஆனால் மணியடிப்பதும், முதுகில் நெல்லை எறிவதும், வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பதும் அந்த மேடையில் எதிர்பார்த்த விஷயங்கள். உங்களுக்கு எது எப்போது வரும் என்றே தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த லாரி ஆபீஸில் வயதான கணக்கர் ஒருவர் இருந்தார். பேரேட்டில் கூட்டிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் நிமிரமாட்டார், இடதுகையை மட்டும் உயர்த்துவார். அந்தப் பக்கத்தைக் கூட்டி முடித்து, அடியில் பென்சிலால் லேசாகத் தொகையை எழுதி, நின்ற வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துவிட்டு அப்புறம்தான் "சொல்லுப்பா" என்பார். முதலாளியே காத்து நிற்பார். அப்போது எனக்கு அது திமிராகத் தெரிந்தது.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார்: முடிக்காத வேலையின் நினைப்பு அடுத்த வேலைக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 2018இல் அவரும் தெரசா குளோம்பும் சேர்ந்து செய்த ஆய்வில், எங்கே நிறுத்தினோம், திரும்பியதும் முதலில் என்ன செய்வது என்று எழுதி வைத்துவிட்டு எழுந்தவர்களுக்கு அந்த ஒட்டல் குறைந்தது. கணக்கர் பென்சிலால் செய்தது இதைத்தானே!

எழுந்து போகும் முன் எக்செல்லில் அந்த வரியை மஞ்சளாக்கி, பக்கத்துக் கட்டத்தில் "ஜிஎஸ்டியில் 180 ரூபாய் வித்தியாசம், பார்ட்டியிடம் கேட்க" என்று அடித்துவிட்டுப் போங்கள். முதலாளி கூப்பிட்டாலும் சரி, இந்தப் பத்து வினாடியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அவரிடமும் பேசுங்கள். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி, எல்லாம் அவர் பணம். 20ஆம் தேதிக்கு முந்தைய வாரம் மட்டும் காலையில் ஒன்றரை மணி நேரம் உங்களைக் கூப்பிட வேண்டாம் என்று கேளுங்கள். ஆனால் 19ஆம் தேதி பதற்றத்தில் கேட்காதீர்கள், 12ஆம் தேதியே கேட்டுவிடுங்கள்.