எங்கள் பேஸ்பால் அணியின் முதன்மைப் பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) ‘லேசான இறுக்கம்’ என்கிறார்கள். சீசன் தொடக்கத்திலேயே கவலைப்பட வேண்டுமா?

கவலைப்படுங்கள். இதற்கு முன் பதில் எழுதிய இருவரும் "ஏப்ரல் மாதம்தானே, 162 ஆட்டம் இருக்கிறது, பொறுமை" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் நியூயார்க் மெட்ஸ் ரசிகர்களாக இருக்க முடியாது.

உங்கள் ஆள் முதல் நான்கு ஆட்டங்களில் பிரமாதமாக வீசினார், ஐந்தாவது முறை வரவில்லை, அணி ‘லேசான இறுக்கம்’ என்று ஒரு வரி அறிக்கை விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அணியின் பெயரைச் சொல்லவில்லை. பரவாயில்லை, உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பீர்கள். ‘லேசான’ என்ற சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஓர் உணவகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோசை வார்க்கிறேன். ‘தோசை வார்ப்பவருக்குப் பேஸ்பால் பற்றி என்ன தெரியும்’ என்று கேட்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் பல ஆண்டுகளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கிரிக்கெட் ஆள். பேஸ்பால் அவருக்குக் கில்லி தாண்டு. என் மகன் பள்ளியில் படிக்கும்போது அவனோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அவன் கல்லூரிக்குப் போன பிறகும் நான் பார்ப்பதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் மெட்ஸ் பிட்சர் ஜேக்கப் டிகிராமின் 2021 தொடக்கத்தை நீங்கள் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள். அவருக்கு அப்போது வயது 32. 2018, 2019 இரண்டு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். வயது ஏற ஏறப் பந்தின் வேகம் குறைவதுதான் வழக்கம். இவருக்கு ஏறிக்கொண்டே போனது. அந்த ஆண்டு அவருடைய நேர்வேகப் பந்தின் சராசரியே மணிக்கு 99 மைல், அதாவது 159 கிலோமீட்டர். முதல் ஆட்டம் பிலடெல்பியாவில். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், அதில் ஆறில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 77 பந்துகளோடு மேலாளர் அவரை வெளியே எடுத்தார், பின்னால் வந்தவர்கள் ஆட்டத்தைத் தொலைத்தார்கள். அன்று நான் அந்த மேலாளரைத் திட்டிய திட்டில் சட்னி தீய்ந்தது. அடுத்த ஆட்டத்தில் 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை ஆட விடாமலே வெளியேற்றினார், ஆனாலும் தோற்றார். அதற்கடுத்து டென்வரில் தொடர்ந்து ஒன்பது பேர். அந்தக் கணக்கில் டாம் சீவர் 1970இல் தொடர்ந்து பத்துப் பேரை வீழ்த்தியதுதான் உச்சம், அவரும் மெட்ஸ்காரர்.

நான்காவது ஆட்டத்துக்கு நான் நேரில் போனேன். ஏப்ரல் 23, வெள்ளிக்கிழமை. கொரோனா காலம் என்பதால் மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கைகளுக்குத்தான் ஆள் விட்டார்கள், அதற்கும் தடுப்பூசி அட்டையோ பரிசோதனைச் சான்றோ காட்ட வேண்டும். உணவகத்தில் வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டியே ஊசி கிடைத்தது, எனக்குப் போட்டதே அந்த மைதானத்தில்தான். போட்ட இடத்திலேயே அட்டையை நீட்டிவிட்டு உள்ளே போனேன். குளிர். சுற்றி இருக்கையெல்லாம் காலி. மகன் இரண்டு போர்வை கொண்டுவந்திருந்தான். கூட்டம் குறைவாக இருந்ததால் கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. கல்லுரலில் உலக்கை விழுவது போன்ற சத்தம்.

வாஷிங்டன் அணிக்கு இரண்டே ஹிட் (அடித்துவிட்டு ஓடித் தளத்தை அடைவது). தவறாக வீசி யாரையும் சும்மா முதல் தளத்துக்கு அனுப்பவும் இல்லை. 15 ஸ்ட்ரைக் அவுட். போதாதென்று தானே மட்டை பிடித்து ஒரு ரன்னும் கொண்டுவந்தார். எட்டாவது இன்னிங்ஸ் முடிந்ததும் மகன், "அம்மா, எடுத்துவிடுவார்கள்" என்றான். நான் எழுந்து நின்று, "விடக் கூடாது, அவரே முடிக்கட்டும்" என்று கத்தினேன். மைதானமே கத்தியது. அவர் ஒன்பதாவதுக்கும் வந்தார். முழு ஆட்டம், 109 பந்துகள், 6–0. நான்கு ஆட்டங்களில் மொத்தம் 50 ஸ்ட்ரைக் அவுட்.

இந்த இடத்தில் யாராவது ‘109 பந்து ஒரு பெரிய விஷயமா, அந்தக் காலத்தில் 150 வீசவில்லையா’ என்று கேட்பார்கள் என்று தெரியும். பிறகு அவருக்கு வந்த காயங்களுக்கு அந்த 109தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. நானும் கத்தினேன் என்று மட்டும் சொல்கிறேன்.

மே முதல் வாரம் அவர் வீச வேண்டிய முறைக்கு வரவில்லை. வலது பக்கவாட்டில் இறுக்கம். சில நாள் கழித்து வீச வந்து, ஐந்து இன்னிங்ஸோடு போய்விட்டார். காயப் பட்டியல். அந்த மாதக் கடைசியில் திரும்பி வந்தார், மறுபடி யாரும் தொட முடியாத பந்து. ஜூன் 11 அன்று முழங்கைப் பக்கத் தசைநாணில் அழற்சி. ஜூன் 16 அன்று சிகாகோ கப்ஸுக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ், ஒன்பது பேர் வந்தார்கள், எட்டுப் பேர் ஸ்ட்ரைக் அவுட். அதோடு தோளில் வலி என்று நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் அவருடைய ஈ.ஆர்.ஏ., அதாவது தடுப்பவர்களின் பிழையால் போனவற்றைக் கழித்து ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கொடுத்த ரன், 0.54. அந்தக் கணக்கில் பந்து வீசி அவர் கொடுத்த ரன்களைவிட மட்டையால் கொண்டுவந்த ரன்கள் அதிகம். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். நான் பவுன் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அவர் பெயரில் ஒரு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் கேட்டார் குருக்கள். தெரியாது என்றேன். ஜூலை 7 அன்று வீசியதுதான் அந்த ஆண்டு அவர் கடைசியாக வீசியது. அடுத்தது முன்கையில் இறுக்கம். கோடையில் பெரும்பாலான நாள் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்த அணி மூன்றாவதாக முடித்தது. அவர் கணக்கு 15 ஆட்டம், 92 இன்னிங்ஸ், 146 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 1.08.

பக்கவாட்டு, முழங்கை, தோள், முன்கை. இந்த வரிசையைக் கவனியுங்கள். நான் சொல்ல வந்தது இதைத்தான். வேகமானி காட்டும் எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அது கடைசி நாள் வரை நன்றாகத்தான் காட்டும். வலி இடம் மாறுகிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் இருக்கும் வலி ஆறிவிடக்கூடும். மாறிக்கொண்டிருக்கும் வலி என்றால், ஓரிடத்தைக் காப்பாற்ற உடம்பு இன்னோர் இடத்தின் மேல் பாரத்தை ஏற்றுகிறது.

இது எனக்கு எப்படித் தெரியும்? 2019இல் எனக்கு வலது தோளில் வலி ஆரம்பித்தது. சனிக்கிழமை என்றால் எங்கள் உணவகத்தில் முந்நூறு தோசைக்குக் குறையாது. மாவை ஊற்றிக் கரண்டியால் வட்டம் இழுக்கும் அந்த அசைவு முழுக்கத் தோளில் இருந்து வருவது, மணிக்கட்டில் இருந்து வருவதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வலி என்று சொன்னால் சனிக்கிழமை முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், அதில்தான் வருமானம். எனவே சொல்லவில்லை. தோளை அசைக்காமல் இடுப்பைச் சாய்த்து ஊற்றப் பழகினேன். இரண்டு வாரத்தில் இடுப்பு. பிறகு கழுத்து. பிறகு மணிக்கட்டு. முதலாளி கேட்கும்போதெல்லாம், "ஒன்றும் இல்லை, லேசாகப் பிடித்திருக்கிறது" என்பேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை தலை வாரக் கை எழவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிவிட்டது என்றார்கள்.

அதனால் ஒரு பிட்சர் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொன்னால் நான் நம்புவதில்லை. கோடிக்கணக்கில் டாலர் வாங்குபவரோடு என்னை ஒப்பிடுவது சிரிப்பாக இருக்கலாம். சிரியுங்கள். பொய் சொல்லும் காரணம் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நம் இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்க்கப் பிடிக்காது.

அந்தச் சமயத்தில் பிசியோதெரபிக்குப் பன்னிரண்டு முறை வரச் சொன்னார்கள். காப்பீட்டு நிறுவனம் ஆறு முறைக்குத்தான் அனுமதி கொடுத்தது. தொலைபேசியில் ஒரு மணி நேரம் அதே பாட்டைக் கேட்டுக் காத்திருந்த பிறகு ஒரு பெண் வந்து, "கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க முடிகிறதா?" என்று கேட்டாள். முடிகிறது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "அப்படியானால் முன்னேற்றம் இருக்கிறது" என்று சொல்லி மீதி ஆறையும் வெட்டிவிட்டாள். தோள் உயரம் போதுமாம். தலை வாரும் உயரம், அலமாரியின் மேல்தட்டு உயரம், பேருந்தில் கம்பியைப் பிடிக்கும் உயரம் எல்லாம் ஆடம்பரமாம். இதை எழுதும்போது இன்னமும் எரிகிறது. கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, மன்னிக்கவும்.

சரி, ‘அப்படியானால் அணி அவரைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டியதுதானே’ என்று கேட்பீர்கள். வாஷிங்டன் அணி 2012இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்கை அப்படித்தான் வைத்தது. 159 இன்னிங்ஸோடு நிறுத்தி, சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃப் சுற்றில்கூட இறக்கவில்லை. ஊரே சிரித்தது. 2019இல் உலகத் தொடரின், அதாவது சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடரின், சிறந்த ஆட்டக்காரர் அவர்தான், எனவே செய்தது சரி என்றார்கள். அந்தக் குளிர்காலமே ஏழு ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதற்குப் பிறகு அவர் வீசியது மொத்தம் எட்டே ஆட்டம். பொத்தி வைப்பதிலும் உத்தரவாதம் இல்லை.

பொத்தி வைக்காததற்கும் எங்களிடமே உதாரணம் உண்டு. தோள் அறுவை சிகிச்சையில் இருந்து திரும்பி வந்த யோஹான் சந்தானா 2012 ஜூன் 1 அன்று மெட்ஸ் வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத முழு ஆட்டம், வீசினார். 134 பந்துகள். அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பிறகு அவர் பெரிய லீகில் வீசவே இல்லை. அந்த இரவை அழித்துவிட்டு அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்வாயா என்று மகன் ஒருமுறை கேட்டான். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

டிகிராம் கதை தெரியாதவர்களுக்கு மீதியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022இல் தோள்பட்டை எலும்பில் பிரச்சினை, ஆகஸ்டில்தான் வந்தார். அந்த டிசம்பரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார், ஐந்து ஆண்டு, 18.5 கோடி டாலர். அங்கே முதல் ஆண்டு ஆறு ஆட்டம் வீசினார், அதுவும் ஏப்ரல் முடிவதற்குள்ளேயே, 45 ஸ்ட்ரைக் அவுட், பிறகு முழங்கை. ஜூன் மாதம் இரண்டாவது டாமி ஜான் அறுவை சிகிச்சை. முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் நார் அறுந்தால், உடம்பில் வேறோர் இடத்தில் இருந்து நார் எடுத்துத் தைப்பார்கள், அதுதான் இது. 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தார்கள். அவர் அதன் பிறகு 164 வெற்றி பெற்று, 46 வயது வரை வீசினார். டிகிராமுக்கு முதல் முறை செய்தது 2010இல், பெரிய லீகுக்கு வரும் முன்பே.

‘போனது நல்லது, உடைந்த சரக்கை டெக்சாஸ் வாங்கிக்கொண்டது’ என்று எங்கள் ஊர் ரசிகர்கள் பேசினார்கள். நானும் ஓரிரு முறை சொல்லியிருப்பேன். 2025இல் அந்த உடைந்த சரக்கு 37 வயதில் 30 ஆட்டம் வீசியது. 12 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 2.97. வேகத்தை முன்பிருந்ததைவிட ஒன்றிரண்டு மைல் குறைத்திருந்தார். அந்த ஒன்றிரண்டு மைலை 2021லேயே குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதீர்கள். குறைத்திருந்தால் அந்த ஏப்ரல் வந்திருக்காது, நானும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

செப்டம்பர் 12 அன்று அவர் எதிரணியாகச் சிட்டி ஃபீல்டுக்கு வந்தார். அதுவும் வெள்ளிக்கிழமை. விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன், இந்த முறை உண்மையான காரணத்தைச் சொல்லியே கேட்டேன். எங்கள் ஆட்களை முதல் இன்னிங்ஸிலேயே டெக்சாஸ் அடித்து நொறுக்கிவிட்டது. அவர் ஏழு இன்னிங்ஸ் வீசினார், 8–3 என்று தோற்றோம். மெட்ஸ் தொப்பியோடு எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்த என்னை மகன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். கை இப்போது தலைக்கு மேல் எழுகிறது. முழுவதும் இல்லை.

உங்கள் ஆளுக்கு இறுக்கம் எந்த இடத்தில் என்று நீங்கள் எழுதவே இல்லையே. பக்கவாட்டு என்றால் ஒரு மாதம் பொறுங்கள். முன்கை என்றால் அவருடைய அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிவிடாதீர்கள்.