'ஹார்வெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

பொருள் அறுவடை. அறுத்துச் சேர்க்கும் வேலைக்கும், சேர்த்த விளைச்சலுக்கும் இதே சொல்தான். 'ரீப்' என்பது கதிர் அறுப்பதை மட்டும் குறிக்கும். ஹார்வெஸ்ட் என்றால் பழம் பறிப்பது, தேன் எடுப்பதுகூட அடக்கம்.

வேடிக்கை என்னவென்றால், முதலில் இது வேலையின் பெயரே இல்லை, பருவத்தின் பெயர். பழைய ஆங்கிலத்தில் 'ஹேர்ஃபெஸ்ட்' என்றால் இலையுதிர் காலம். ஜெர்மனில் 'ஹெர்ப்ஸ்ட்', டச்சில் 'ஹெர்ஃப்ஸ்ட்' இன்றும் அந்தப் பருவத்தைத்தான் குறிக்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் பிரெஞ்சு வழியாக வந்த 'ஆட்டம்' (நம் ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), அப்புறம் 'ஃபால்' இரண்டும் பருவத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டன. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ஹார்வெஸ்டுக்கு மிஞ்சியது வயல் வேலைதான். செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி வரும் பௌர்ணமியை 'ஹார்வெஸ்ட் மூன்' என்பதில் பழைய வாசனை கொஞ்சம் இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால், 'பறி' என்ற பொருளுள்ள 'கெர்ப்' என்ற இந்தோ-ஐரோப்பிய வேர். கிரேக்கத்தில் கனியைக் குறிக்கும் 'கார்போஸ்', லத்தீனில் பறிப்பதைக் குறிக்கும் 'கார்பெரே' எல்லாம் அதே குடும்பம். 'கார்பே டியெம்' (இன்றைய நாளைப் பறித்துக்கொள்) என்ற லத்தீன் வாசகம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் 'கார்பே'யும் இதுதான்.