பூனைத் தட்டில் மண் ஒட்டாமல் இருக்க: கால்நடை மருத்துவர் பதில்கள்

டாக்டர், பூனை மலம், மூத்திரம் போகும் தட்டில் கடையில் வாங்கிய கட்டி பிடிக்கும் மண்ணைத்தான் போடுகிறேன். ஆனாலும் மூத்திரம் அடியில் போய் சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. தோசைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கை வலிக்கிறது. (பாளையங்கோட்டை வாசகி)

முதலில் அந்தத் தோசைக் கரண்டியைக் கீழே வையுங்கள். பிளாஸ்டிக்கில் விழும் ஒவ்வொரு கீறலிலும் மூத்திரம் தங்கிவிடும். அப்புறம் எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. உங்கள் தட்டு ஏற்கெனவே அந்த நிலைமைக்கு வந்திருந்தால் புதிது வாங்குவதுதான் வழி.

ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், மண் போதவில்லை. பை விலைக்குப் பயந்து ஒரு இன்ச் தூவிவிடுகிறோம். கட்டி பிடிக்கும் மண் என்பது பெண்டோனைட் என்ற களிமண். ஈரம் பட்டதும் உப்பி, பக்கத்து மண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆழம் இருந்தால் பாதி வழியிலேயே உருண்டையாகிவிடும். இல்லாவிட்டால் அடியில் போய் அப்பளம் போலப் பரவி ஒட்டும். 3 இன்ச் போடுங்கள். ஆள்காட்டி விரலை நட்டால் விரல் முழுக்க மறைய வேண்டும். இதனால் செலவு அதிகமாகாது, குறையும்தான். அள்ளும்போது உருண்டை மட்டும் போகும், மீதி மண் அப்படியே இருக்கும்.

அடுத்தது பொறுமை. அடுப்பிலிருந்து இறக்கிய உடனே இட்லியை எடுத்தால் துணியோடு ஒட்டிக்கொண்டு வரும், சற்று ஆறவிட்டால் முழுசாகக் கழன்று வரும் அல்லவா? இதுவும் அப்படித்தான். பூனை இறங்கியதும் கரண்டியோடு ஓடாதீர்கள். அரை மணி நேரம் விடுங்கள்.

அடியில் வரி வரியாகப் பள்ளம் உள்ள தட்டும் வேண்டாம். போர்வை வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் 5 இன்ச் உயரத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் போதும். எங்கள் வீட்டுப் பெண் பூனை எப்போதும் பின்பக்க இடது மூலையில்தான் போவாள், அதுவும் பாதி நின்றுகொண்டே. அந்த மூலையில் மட்டும் இரண்டு கை மண் கூடுதலாகக் குவித்து வைப்பேன். உங்கள் பூனைக்கும் ஒரு மூலை இருக்கும், கவனியுங்கள்.

தட்டைக் கழுவ பினாயில் ஊற்றலாமா? பிளீச்சிங் பவுடர்? (மேலப்பாளையம்)

இரண்டும் கூடவே கூடாது. கருப்பு பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தட்டில் ஏறிய பூனை வெளியே வந்து பாதத்தைத்தானே நக்கும்? வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் ஒழுக என் மேசைக்கு வந்த பூனைகள் உண்டு. பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுப் புகை வரும். அது கழுவுகிற உங்களுக்கே ஆகாது. வாடைக்காக அந்துருண்டை போடுவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

சுடுதண்ணீர், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு, அப்புறம் மொட்டை மாடி வெயில். நம் ஊரில் அந்த வெயிலுக்கா பஞ்சம்? விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வது போல ஊறவைத்த புளியைத் தடவி, கால் மணி நேரம் கழித்துத் தேய்த்தால் விட்டுப்போகும். புளி வாடை நிற்காமல் நன்றாக அலசுங்கள். சொட்டு ஈரமில்லாமல் காய்ந்த பிறகே மண் போட வேண்டும், ஈரத் தட்டில் போட்டால் திரும்பவும் முதல் கேள்விதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயாது என்பதால் இரண்டு தட்டு வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

திசையன்விளைப் பக்கம் தேரி மணல் (செம்மணல்) இருக்கும்போது மண்ணைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, அண்ணாச்சி?

பூனைக்குத் தேரி மணல் மெத்தை மாதிரி. ஆனால் கட்டி பிடிக்காது. மூத்திரம் நேரே அடிக்கு இறங்கும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மொத்தத்தையும் கொட்ட வேண்டும். செம்மண் கால் தடம் வீடெல்லாம் பதியும். தும்பு ஆலையில் கிடைக்கும் காய்ந்த தேங்காய் நார்க்கழிவு இதைவிட நல்லது. எடை இல்லை, ஈரத்தை நன்றாக உறிஞ்சும்.

அள்ளியதைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாமா? தட்டில் பாலிதீன் விரிக்கலாமா? (வள்ளியூர்)

களிமண் குழாயில் உப்பி அடைத்துக்கொள்ளும். கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள், கீரைப் பாத்தியில் மட்டும் கொட்டாதீர்கள். பாலிதீனை நகம் கிழித்துவிடும், வேண்டாம்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பூனையால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து, கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுங்கள் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். (அம்பாசமுத்திரம்)

விட்டுவிடாதீர்கள் அம்மா. வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது.

அவர்கள் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கு. பயத்தில் நியாயம் உண்டு, அந்தக் கிருமி கருவைப் பாதிக்கக்கூடியதுதான். ஆனால் பூனையின் மலத்தில் வெளிவந்த உடனே அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். நீங்களோ மருமகனோ தினமும் தவறாமல் அள்ளிவிட்டால் அதற்கு அந்த அவகாசமே கிடைக்காது. மகள் தட்டைத் தொட வேண்டாம். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். மகள் சாப்பிடும் கறி நன்றாக வெந்திருக்கட்டும், கீரையை நாலு தண்ணீரில் அலசுங்கள். அரைவேக்காட்டுக் கறியிலும் கழுவாத கீரையிலும்கூட இதே கிருமி வரும் என்று சம்பந்தி வீட்டிலும் எடுத்துச் சொல்லுங்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடமும் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவையுங்கள்.

இரண்டு நாளாகத் தட்டில் அள்ளவே ஒன்றும் இல்லை. ஆனால் பையன் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறான், கத்துகிறான். மலச்சிக்கலா? (பேட்டை)

இவருக்கு அன்றே போனில் சொல்லிவிட்டேன். ஆண் பூனை வைத்திருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது பெரும்பாலும் மூத்திர அடைப்பு. ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகல். சிறு கல்லோ சளி போன்ற கசடோ போதும், அடைத்துவிடும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். அடைப்புக்கு முன்பு தட்டே காட்டிக்கொடுப்பதும் உண்டு. வழக்கமாக எலுமிச்சை அளவில் இரண்டு மூன்று உருண்டை வரும் இடத்தில் சுண்டைக்காய் அளவில் ஏழெட்டு இருந்தால் அன்றே காட்டுங்கள். உருண்டையே இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். கூடையில் வைத்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடமோ உடனே கிளம்புங்கள். கடைசியாக எப்போது மூத்திரம் போனான் என்பதை அங்கே முதலில் சொல்லுங்கள்.