இலுப்பைப்பூவும் மிகைமதிப்பீடும்

வணக்கம் சார்,

ஒரு சினிமாக் கட்டுரையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு படத்தை ‘ஓவர்ரேட்டட்’ என்கிறார்கள். அகராதியில் தேடினால் ‘மிகைமதிப்பீடு’ கிடைக்கிறது. ‘மிகைமதிப்பிடப்பட்ட படம்’ என்று எழுதிப் பார்த்தேன். தாலுகா ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது. ‘தகுதிக்கு மீறிப் புகழப்பட்ட’ என்றால் நீளம். இதற்குத் தமிழில் நல்ல சொல்லே இல்லையா?

கா., திருச்சி

அன்புள்ள கா.,

மிகைமதிப்பீட்டை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பாலம் கட்ட ஆகும் செலவைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள், ஒரு கம்பெனியின் பங்கு அதன் வருமானத்துக்குப் பொருந்தாத விலையில் ஏறி நிற்கிறது என்றால் அந்தச் சொல் சரியாக உட்காரும். எண் இருக்கும் இடம்தான் அதற்கு வீடு. படத்துக்கு எண் கிடையாது (நட்சத்திரம் போடுகிறவர்கள் மன்னிக்கவும்). தாலுகா ஆபீஸ் வாசனை அங்கிருந்துதான் வருகிறது.

பேசும்போது நாம் இதை எப்படிச் சொல்கிறோம்? ‘தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்.’ ‘ஆகா ஓகோ என்கிறார்கள்.’ படத்தின் மேல் இங்கே ஒரு குறையும் சொல்லவில்லை, ஆடுகிறவர்கள் மேல்தான் புகார். ‘பில்டப்’ கொஞ்சம் வேறு. அது பெரும்பாலும் விற்கிறவர் வேலை.

அவர்கள் ஏன் ஆடுகிறார்கள் என்பதற்குப் பழமொழிகளிடம் போக வேண்டும். எனக்குப் பிடித்தது ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’. ஆலை என்றால் கரும்பாலை. இதை மட்டம் தட்டும் பேச்சாகவே நெடுநாள் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இலுப்பைப்பூ நிஜமாகவே இனிக்கும். விடியற்காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிக் காயவைத்தால் உலர்ந்த திராட்சை போலச் சுருங்கும். மத்திய இந்தியக் காட்டு ஊர்களில் அதை ஊறவைத்துச் சாராயமே வடிக்கிறார்கள். ஆக, பூவில் பொய் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் கரும்புச் சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஒப்பிட வேறொன்று இல்லாததால் வரும் மயக்கத்தை இதைவிடக் கரிசனமாக எப்படிச் சொல்வது?

‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு’ வேறு கேஸ். அங்கே பாசம் கண்ணை மறைக்கிறது. ரசிகர் மன்றங்களை இதில் சேர்த்துக்கொள்ளலாம். ‘தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்பது என்னைப் போன்றவர்களுக்கு. இருபது வயதில், சப்டைட்டில் ஓடினாலே உயர்ந்த படம் என்று நம்பியவன் நான். வெறும் பேர் மட்டும் பெரிதாக இருந்தால் அதற்குத் தெலுங்கிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி வைத்திருக்கிறோம்: ‘பெத்த பேரு, தாக நீலு லேது.’ பெரிய பேர்தான், குடிக்கத் தண்ணீர் இல்லை.

பழைய தமிழில் ஒற்றைச் சொல் வேண்டுமென்றால் ‘வியத்தல்’ பக்கத்தில் வரும். ‘யாதும் ஊரே’ என்று தொடங்கும் புறநானூற்று 192ஆம் பாட்டின் முதல் வரியை எல்லோரும் சொல்கிறோம். கடைசிக்குப் போனால் ‘பெரியோரை வியத்தலும் இலமே’ என்கிறார் கணியன் பூங்குன்றனார். பெரியவரென்று தெரிந்தே வியக்கமாட்டாராம். கறார் மனிதர். வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் ‘அளவறியான் தன்னை வியந்தான்’ என்று ஒருவனைக் காட்டுகிறார் (474). அவன் தனக்குத்தானே நட்சத்திரம் போட்டுக்கொள்கிறவன். ‘அளவறியாமை’ நல்ல சொல்தான், ஆனால் சினிமாக் கட்டுரையில் போட்டால் பட்டிமன்றம் ஆகிவிடும்.

உயர்வு நவிற்சியைச் சிலர் இங்கே கொண்டுவருவார்கள். வேண்டாம். அது கவிஞன் தெரிந்தே கூட்டிச் சொல்வது, அணி.

சரி, உங்கள் வாக்கியம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடாதீர்கள். கட்டுரையாளர் கோபமாக எழுதுகிறாரென்றால் ‘இந்தப் படத்தைத் தூக்கி வைத்து ஆடியது போதும்’ என்று போடலாம். நிதானமாகச் சொல்கிறாரென்றால், ‘நல்ல படம்தான், ஆனால் இவ்வளவு கொண்டாட்டம் ஜாஸ்தி.’ ஜாஸ்தி பிடிக்காவிட்டால் ‘அதிகம்’. அந்தக் காலத்தில் வேறு நல்ல படம் இல்லாததால் பேர் வாங்கியது என்று அவர் வாதாடினால் மட்டும் இலுப்பைப்பூவைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், அது எந்தப் படம்? எழுதவே இல்லையே.