கிராபீன் கலந்த கான்கிரீட்: முதலில் கேட்க வேண்டியது சிமெண்ட் கணக்கு

கேள்வி: வீடு கட்டப் போகிறோம். கிராபீன் கரைசல் ஒன்றைக் கான்கிரீட்டில் ஊற்றினால் சிமெண்ட் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார் ஒரு விற்பனையாளர். நம்பி வாங்கலாமா?

பதில்: கட்டுமான இடத்தில் கேனைத் திறந்து ஊற்றுவதற்காக என்றால் வாங்காதீர்கள்.

பொருளில் குறை இல்லை. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகும்போது, கிராபீன் எனப்படும் இந்த நுண்ணிய கார்பன் தகடுகளைப் பற்றிக்கொண்டு இறுகும் பகுதி அடர்த்தியாக வளர்கிறது, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் பரவுவதும் தடைபடுகிறது. ஆனால் தேவைப்படும் அளவைப் பாருங்கள்: சிமெண்ட் எடையில் 0.05 சதவீதம் என்று வைத்தால் 50 கிலோ மூட்டைக்கு வெறும் 25 கிராம். அந்த 25 கிராமும் கலவை முழுக்கச் சீராகப் பரவ வேண்டும். இந்தத் தகடுகளோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை, அதிலும் ஆக்சிஜன் சேர்ந்த வகையான கிராபீன் ஆக்சைடு சிமெண்டிலிருந்து வரும் கால்சியத்தைக் கண்டதும் திரிந்துவிடும். பரவாமல் கட்டிக்கட்டியாக நின்றால் அந்த இடமே பலவீனம். அப்புறம், இதைச் சேர்த்ததும் கலவை கெட்டியாகும். வேலை ஓடவில்லை என்று யாராவது ஒரு வாளித் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவார்கள், கிடைத்த வலிமை அத்தோடு போய்விடும்.

கேனுக்குள் இருப்பது கிராபீன்தானா என்பதே எனக்குப் பெரிய கவலை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், உலகம் முழுவதும் 60 நிறுவனங்களின் மாதிரிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராபீன் 10 சதவீதம்கூட இல்லை, மீதியில் பெரும்பகுதி பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டின் தூள். தயாரிப்பாளர்களின் நிலையே இது என்றால் இடைத்தரகர் கையில் இருப்பதைப் பற்றி என்ன சொல்ல? கறுப்பாக இருப்பதெல்லாம் கிராபீன் ஆகிவிடாது. கிராபீனுக்குப் பதிலாகக் கார்பன் நானோகுழாய் எனும் மிக நுண்ணிய குழாய் வடிவக் கார்பனைத் தூளாகக் கொடுத்தால் தொடவே வேண்டாம், அது நுரையீரலுக்குள் போகக்கூடிய தூசு.

ஒரே ஒரு சூழலில் சரி என்பேன். கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்பும் ஆயத்தக் கலவை ஆலையோ, கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்துத் தரும் முன்வார்ப்பு ஆலையோ தானே அளந்து சேர்த்து, அதே ஜல்லி, மணல், சிமெண்டில் சேர்த்தும் சேர்க்காமலும் சோதனைக் கனசதுரங்கள் வார்த்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்த்த முடிவை உங்கள் பொறியாளரிடம் கொடுத்தால் தாராளமாக வாங்குங்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே தண்ணீர் அளவில் வார்த்தவையா என்று கேளுங்கள். வேறு ஆலையின் முடிவு, வேறு சிமெண்டின் முடிவு, அச்சடித்த விளம்பரத் தாள் எதுவும் செல்லாது. 2021-ல் இங்கிலாந்தின் ஏம்ஸ்பரியில் ஓர் உடற்பயிற்சிக்கூடத் தரையைக் கிராபீன் கான்கிரீட்டில் போட்டார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகம் கூடவே நின்ற வேலை அது, வீட்டுக்காரர் தானே ஊற்றியதல்ல.

சுற்றுச்சூழல் லாபம் இந்தக் கரைசலில் இல்லை, குறைகிற சிமெண்டில்தான் இருக்கிறது. உலகக் கரியமில வாயு உமிழ்வில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. சிமெண்டைக் குறைக்காமல் இதையும் சேர்த்தால் கணக்கில் கார்பன் கூடத்தான் செய்யும். இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது: பல கட்டுமான விதிகள் ஒரு கனமீட்டருக்குக் குறைந்தது இத்தனை கிலோ சிமெண்ட் என்று இன்னமும் பிடிவாதமாக நிற்கின்றன. வலிமையைச் சோதித்துக் காட்டினாலும் அதற்குக் கீழே இறங்கப் பொறியாளர் கையெழுத்துப் போட முடியாது. அப்படியிருக்க மூன்றில் ஒரு பங்கு மிச்சம் எப்படி வரும்?

விற்பனையாளரிடம் எத்தனை கிலோ சிமெண்ட் குறையும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அந்தத் தாளைப் பொறியாளரிடம் காட்டுங்கள். அவர் மறுத்தால், சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக அனல்மின் நிலைய எரிசாம்பலோ இரும்பு ஆலைக் கசடோ சேர்க்கலாமா என்று அவரிடமே பேசுங்கள். அவற்றுக்கு விதிகளில் ஏற்கெனவே இடம் இருக்கிறது.